ஜெசிந்தாவின் ஓரக்குறிப்பு

ஏரிக்கப்பல் வெக்கிஸ் துறைக்கு வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாயிற்று. அதற்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது, ஆகவே இந்தப் பதினைந்து நிமிடமும் நான் யோக்கியன். ஜெசிந்தா அக்கா கப்பலின் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்க்கிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, முன்பல்லில் உதட்டுச்சாயம் ஒட்டியிருக்கிறது, காலையில் ரயிலிலேயே பார்த்துவிட்டேன், சொல்லவில்லை. மலை உச்சியில் எடுத்த இருபது முப்பது போட்டோவிலும் அந்தச் சிவப்புப் பல்லோடுதான் சிரிக்கிறாள், மார்த்தாண்டத்தில் அவள் அம்மா அதைத்தான் பார்க்கப்போகிறாள், நான்தான் எடுத்தேன், 'அக்கா இன்னும் கொஞ்சம் சிரிங்க' என்றுகூடச் சொன்னேன். பல்லில் இருப்பதைச் சொல்ல முடியாதவன் மற்றதை எப்படிச் சொல்லப்போகிறான். இல்லை, சொல்லிவிடுவேன், வெக்கிஸில். சுவிட்சர்லாந்துக்கு வந்து இரண்டு வருஷம் நாலு மாதத்தில் முதல்முறையாக இன்றைக்குத்தான் மலையைப் பார்க்கிறாள், கடைசிமுறையும் இதுதான், ஆறு இருபதுக்கு லுட்சேர்ன் ஸ்டேஷனில் விமான நிலையத்துக்கு ரயில், பெட்டிகள் இரண்டும் ஸ்டேஷன் லாக்கரில் கிடக்கின்றன. "இவ்வளவு பக்கத்துலயா மக்கா இருந்து இது? நான் என்னமோ ஒரு நாள் முழுக்கப் போவணும்னு நெனச்சேன்" என்கிறாள். சனிக்கிழமை ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் நின்றாள். நான் செய்த சோதனையைத் திரும்பச் செய்துகொண்டு நின்றாள். நான் அந்தச் சனி ஞாயிறுகளில் அருவி, பனிக்குகை, கோட்டை, மாட்டுமணித் திருவிழா என்று சுற்றிவிட்டு போட்டோ போட்டேன், அத்தனைக்கும் முதலில் இதயம் போட்டது இவள்தான், இடது கையால் போட்டிருப்பாள், வலது கை கையுறைக்குள் இருந்திருக்கும்.

கப்பல் நடுவில் தரையைத் திறந்து வைத்திருக்கிறார்கள், கீழே நூறு வருஷத்து நீராவி எஞ்சின் பளபளவென்று ஓடுவது தெரிகிறது, பித்தளைத் தண்டுகள் முழங்கையை மடக்கி நீட்டுவது மாதிரி போய்ப் போய் வருகின்றன, சுற்றி நின்று வெள்ளைக்காரக் குடும்பங்கள் வேடிக்கை பார்க்கின்றன. அதைப் பார்த்ததும் என் கண் பொட்டைத் தேடுகிறது. எங்கேயும் ஒரு பொட்டு இல்லை. இவ்வளவு பெரிய மெஷின், ஒரு பொட்டு இல்லாமல் நூறு வருஷம் ஓடியிருக்கிறது, ஒருவன் விரலையும் கேட்கவில்லையா. எங்கள் அப்பாவிடம் கேட்டது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் அப்பா கட்டிங் மெஷினில் நின்றார், எனக்கு அப்போது பத்து வயது, அந்த வருஷம் தீபாவளி லேபிள் அவசரம் என்று முதலாளி ஆயுத பூஜைக்கு மெஷினை நிறுத்தவில்லை, பூஜைக்கு மறுநாள் பதினொரு மணிக்கு கத்தி இறங்கி வலது கையில் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் வாங்கிக்கொண்டது. ஐநூறு தாள் கட்டோடு சேர்த்து நறுக்கென்று, தாளின் ஓரம் எவ்வளவு நேராக இருந்ததோ விரலும் அவ்வளவு நேராக. ஆஸ்பத்திரியில் அப்பா அழவில்லை, ஏதோ கணக்குத் தீர்ந்த மாதிரி சொன்னார்: "பொட்டு வைக்கல, அது எடுத்துக்கிச்சு. நீ எந்த மெஷின்ல நின்னாலும் பொட்டு வைக்காம கை வைக்காதடா." நான் எம்.எஸ்ஸி. படித்தவன், புரதம் எப்படி மடிகிறது என்று மூன்று மணி நேரம் பேசுவேன், ஆனால் ஒரு மெஷினின் மூடியைத் திறக்கும்போது என் கை தானாக நெஞ்சுக்குப் போகும். குங்குமம் வைத்தால் சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்று மஞ்சள். அம்மா பத்ரகாளியம்மன் கோயிலிலிருந்து பொட்டலமாக அனுப்புகிற மஞ்சள், அங்கியின் உள்பாக்கெட்டில் எப்போதும் இருக்கும். கையுறை போட்ட ஆள்காட்டி விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து, குழாயின் ஒளியை அளக்கும் ஒளிமானியின் மூடியில் ஒற்றிக் கண்ணை மூடித் திறந்து, யாரும் பார்ப்பதற்குள் துடைத்துவிடுவேன். மூடியைத்தான் துடைப்பேன். விரலை அல்ல. அந்த விரலோடுதான் மருந்து கலந்த குழாய்களை ஒவ்வொன்றாகத் திறப்பேன். மருந்து கலக்காத வெறும் குழாய்கள் கடைசியில் வரும், அதற்குமுன் கையுறை மாற்ற வேண்டும் என்பது விதி, நான் விதிப்படி மாற்றினேன். மருந்து புரதத்தைப் பிடித்தால் குழாய் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிர வேண்டும், பிடிக்காவிட்டால் இருட்டு. என்னுடைய மருந்துக் குழாய்கள் எல்லாம் ஒளிர்ந்தன. வெறும் குழாய்கள் எல்லாம் இருட்டு. இவ்வளவு சுத்தமான விடையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கிழவர் சொன்னார், கிழவர் என்றால் எங்கள் பேராசிரியர் ஆம்ஷ்டுட்ஸ், நானும் அக்காவும் எங்களுக்குள் அப்படித்தான் சொல்வோம்.

வெக்கிஸ் வருகிறது. இல்லை, அது ஏதோ தனியார் படகுத்துறை. அக்கா வந்தது என் கட்டுரை அச்சான பிறகு. நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலை, அதை விட்டுவிட்டு வந்தாள், என் சோதனையை எடுத்து அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவதுதான் அவளுக்குக் கொடுத்த ஆராய்ச்சி. அடுத்த கட்டத்துக்கு முதலில் என் கட்டம் வர வேண்டும், வரவில்லை. அவள் குழாய்கள் எல்லாம் இருட்டு. முதல் மாதம் கிழவர் சிரித்தார், ஆறாம் மாதம் புருவத்தைத் தூக்கினார், ஒரு வருஷம் ஆனதும் புதன்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், ரொம்ப மெதுவான குரலில், கைகளில் இரண்டு வகை உண்டு என்றார். 'மாரியின் கைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்' என்றார். மாரீஸ்வரன் அவர் வாயில் நுழையாது. அவள் தன் கைகளை மேஜைக்கு அடியில் கொண்டுபோனாள், எதிரே உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்தேன், எனக்கு என்ன தோன்றியது என்று இப்போது நேர்மையாகச் சொன்னால், இனித்தது. அப்பாவிடம் அன்றைக்கே போனில் சொன்னேன், "எம் ரெண்டு வெரலோட ராசியும் ஒங்கையில ஏறிருச்சுடா" என்றார். அப்புறம் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள், நோட்டும் பேனாவுமாக, மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு. அவள் முன்னால் எப்படி மஞ்சளை எடுப்பது. எம்.எஸ்ஸி. பிஎச்.டி. இரண்டும் மானத்தோடு சம்பந்தப்பட்டவை அல்லவா. எடுக்கவில்லை. அன்று என் குழாய்களும் ஒளிரவில்லை. இன்னொரு நாள் நின்றாள், அன்றும் இல்லை. மூன்றாம் நாள் அவளே கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள், கண்ணாடி வழியாகக்கூடப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு. நான் மஞ்சளை எடுத்தேன், ஒற்றினேன், ஒளிர்ந்தது. வெளியே வந்து கட்டைவிரலைக் காட்டினேன். "பாத்தியா, நான் நின்னாலே வரமாட்டேங்குது. சின்னதுல எங்க வீட்டுலயும் சொல்லுவாவ, கோழிக்கு அடை வைக்க எனக்க கையால முட்டைய எடுக்க விடமாட்டாவ" என்று சிரித்தாள். வேதக்காரி, ஏசுவைக் கும்பிடுகிறவள், ராசி கீசி எல்லாம் நம்பாதவள், வெளிச்சமே வராத குழாய்களை வைத்து ஒரு வருஷத்தில் அவளை நம்பவைத்துவிட்டோம். பத்தொன்பது நாளுக்கு முன்னால்தான் எனக்குத் தெரிந்தது. பொட்டலம் கிழிந்து வெறும் குழாய் ஒன்றில் ஒரு பொட்டு மஞ்சள் விழுந்துவிட்டது, விழுந்தது என்று தெரியாமல் மெஷினில் வைத்தேன், எந்த மருந்தும் இல்லாத அந்தக் குழாய் என் கட்டுரையின் படத்தை அப்படியே வரைந்து காட்டியது. கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்ப ஒரு முறை வேண்டுமென்றே போட்டுப் பார்த்தேன், ஏறியது. மூன்றாம் முறையும் ஏறியது, ஒளிர்ந்தது மருந்தல்ல, மஞ்சள். அப்புறம் குழாய்களைக் கழுவினேன், கணினியில் அந்த மூன்று கோடுகளையும் அழித்தேன், சாப்பிடப் போனேன், உருளைக்கிழங்கு இருந்தது, உப்புப் போதவில்லை என்று நினைத்தது வரை ஞாபகம் இருக்கிறது. அக்காவுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்ற கடிதம் வந்தது அதற்கு ஏழு நாள் கழித்து. ஏழு நாள். ஒரு வார்த்தைக்கு ஏழு நாள் இருந்தது. வெக்கிஸ் வந்தது, கயிற்றை எறிந்தார்கள், கிழவி ஒருத்தி நாயோடு இறங்கினாள், கயிற்றை அவிழ்த்தார்கள்.

சரி, ஹெர்ட்டன்ஸ்டைன். அடுத்த துறை. அதற்குள் பின்னாலிருந்து "தம்பி தமிழுங்களா?" என்று ஒரு குரல், கரூரிலிருந்து சுற்றுலா வந்த கூட்டம், இருபது பேர் இருப்பார்கள், எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சுத் தொப்பி. கேட்டவர் பெயர் சிங்காரவேலு, ஜவுளி. "சிவகாசியா! அட, எங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகையே அங்கதானுங்க அடிச்சோம், மூணு எழுத்துப் பிழை" என்கிறார், நான்தான் அடித்த மாதிரி. நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டு, மருந்து என்றதும் தன் முழங்காலைத் தடவிக் காட்டி இதுக்கு ஏதாச்சும் கண்டுபிடிச்சீங்களா என்கிறார், அவர் மனைவி, "சும்மா இருங்க, படிக்கிற பசங்ககிட்டப் போயி" என்று டப்பாவைத் திறக்கிறாள். புளியோதரை. ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த புளிக்காய்ச்சலை ஓட்டல் அறையில் சோற்றில் பிசைந்திருக்கிறார்கள். காகிதத் தட்டில் அக்காவுக்கு ஒரு குவியல். "கண்ணு, நீயும் இங்கதான் படிக்கறியா? படிச்சு முடிச்சாச்சா?" "முடிஞ்சாச்சு அண்ணே" என்கிறாள் அக்கா, சோற்றை அள்ளியபடி. "அப்பறம் என்ன, ஊருக்குப் போயி ராணி மாதிரி இருக்கலாம்" என்கிறார் சிங்காரவேலு. நிஜம்தான், அவள் விட்டுவந்த இடத்தில் வேறொருத்தியைப் போட்டுவிட்டார்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப்போகிற ராணி. அவள் தின்பதைப் பார்க்கிறேன், பசித்த நாய்க்குட்டியைப் பார்ப்பது போல, கொஞ்சம் இரக்கம், கொஞ்சம் அருவருப்பு. எண்ணெய் மணிக்கட்டு வரை வழிகிறது. "ரெண்டு வருசம் மக்கா, மஞ்சப்பொடி போட்ட கறி ஒண்ணு வச்சதில்ல. நகத்துல கறை பிடிச்சா வேலையில கலந்துரும்னு ஒரு பயம். வெள்ளச்சோறு, தயிரு, ரொட்டி. இன்னைக்கிதான், இனி என்ன." ஐந்து விரலையும் விரித்து என் முகத்துக்கு நேராகக் காட்டுகிறாள், வெயிலில் நகங்கள் ஐந்தும் பழுத்த இலை நிறத்தில் இருக்கின்றன. "இந்தக் கையோட லேப்புக்குள்ள போனா கிழவர் கொன்னே போடுவாரு, இல்லியா?" இதோ. இதைவிட நல்ல இடம் ஒன்று வராது. 'போயிருந்தால் உங்களுக்குக் கோயில் கட்டியிருப்பார் அக்கா', இப்படித் தொடங்கினால் போதும், மீதியை அவளே சொல்லி முடித்துவிடுவாள், என்னைவிட இரண்டு மடங்கு மூளை அவளுக்கு. என் வாய் திறக்கிறது, கை பைக்குள் போகிறது, ஈரத்துடைப்பான் ஒன்றை உருவி எடுத்து, "துடைச்சுக்கோங்க அக்கா, கறை பிடிச்சுரும்" என்கிறேன். அவள் ஒவ்வொரு விரலாகத் துடைக்கிறாள், ஒழுங்காக, சோதனைக்கு முன்னால் துடைப்பது போல நுனியிலிருந்து அடி வரை. மஞ்சளான அந்தத் துடைப்பானை நானே வாங்கிக்கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டேன். மூடி அடங்கும் வரை நின்று பார்த்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தால் போன் அடிக்கிறது. அப்பா, வீடியோவில். ஊரில் எட்டரை மணி இருக்கும், பிரஸ்ஸில் பூஜை முடிந்திருக்கும், இன்றைக்கு ஆயுத பூஜை என்பது காலையிலிருந்து எனக்குத் தெரியும், தெரியாதது போலவே இருந்தேன். எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப அடிப்பார், எடுத்தேன், சத்தத்தைக் குறைப்பதற்குள் அப்பாவின் குரல் மேல்தளம் முழுக்கக் கேட்டது: "டேய் மாரி, இங்க பாருடா!" திரையில் கட்டிங் மெஷின், அவர் விரலைத் தின்ற அதே மெஷின், வாழைக்கன்று கட்டி, சந்தனத்தைக் குழைத்து அப்பி, கத்தியின் இரண்டு முனையிலும் பொட்டு வைத்து, பொரிகடலையைக் காலடியில் குவித்து. மூன்று விரல் கை ஒன்று குறுக்கே வந்து சாம்பிராணி காட்டுகிறது. "ஒன் மெசினுக்குப் பொட்டு வச்சியாடா?" அக்கா பக்கத்தில் இருக்கிறாள். தோளோடு தோளாக, திரையை எட்டிப் பார்த்துக்கொண்டு. கீழே எஞ்சினின் பித்தளைக் கைகள் என் விலாவில் குத்துவது போல இருக்கிறது. "இங்க அதெல்லாம் கூடாதுப்பா" என்கிறேன். "கூடாதா? எவன்டா சொன்னான்? போன வருசம் வச்சேன்னு சொன்ன?" "சிக்னல் இல்லப்பா, அப்புறம் பேசுறேன்." துண்டித்தேன். இப்போது கேட்பாள். போன வருஷம் என்ன வைத்தாய், எங்கே வைத்தாய், எந்த விரலால். அவள் கேட்டால் சொல்லிவிடுவேன், கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு வராது, கேளேன், கேட்டுத் தொலையேன். அக்கா என்னைப் பார்த்தாள். பார்வையில் ஒன்றும் இல்லை, ஒரு மாதிரி மென்மை, உடை மாற்றுகிறவனைத் தற்செயலாகப் பார்த்துவிட்டவள் பார்க்கிற மாதிரி. பிறகு முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்பாக்க கை பாவம்" என்றாள், அவ்வளவுதான். தப்பித்தேன் என்று உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது, அதோடு கூடவே அவள் மேல் ஒரு வெறுப்பும் வந்தது, இவ்வளவு நாகரிகமாக இருந்தால் இவள் எங்கே விஞ்ஞானியாவது, கிழவர் சொன்னது சரி. ஹெர்ட்டன்ஸ்டைன் எப்போது வந்து எப்போது போனது என்று பார்க்கவில்லை. கரூர்க்காரர்கள் கூட்டமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், "சிரிங்க, எல்லாரும் பல்லக் காட்டுங்க" என்று சிங்காரவேலு கத்துகிறார்.

லுட்சேர்ன் பாலமும் கோபுரமும் தெரிய ஆரம்பித்துவிட்டன, துறையிலிருந்து ரோட்டைத் தாண்டினால் ஸ்டேஷன். இப்போது சொன்னாலும் நேரம் இருக்கிறது. திங்கட்கிழமை கிழவர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார், வாங்கித்தான் ஆக வேண்டும், கட்டுரையையும் திரும்ப வாங்கிக்கொள்வார், என் பட்டம் போகும், டிசம்பரில் சேர வேண்டிய வேலை போகும், கட்டிங் மெஷினுக்கு முன்னால் நின்று எம்மவன் கை எம்மவன் கை என்று சொல்கிற ஆள் இனி என்ன சொல்வார், அவர் பிரஸ்ஸில் என்னை எதில் நிறுத்துவார்கள், அடுக்குகிற இடத்திலா, ஒட்டுகிற இடத்திலா. அவள் போனால் டியூஷன் எடுப்பாள், நன்றாக எடுப்பாள், பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும். ஒருத்தரைப் பற்றி இப்படி நல்லதாக நினைத்துக்கொண்டே அவரைத் தண்ணீருக்குள் அமுக்க முடியும் என்பது புதிதாகத் தெரிந்துகொண்ட விஷயம், இதற்கும் ஒரு கட்டுரை எழுதலாம். அக்கா பையைத் திறந்து தன் ஆய்வுக் குறிப்பேட்டை எடுக்கிறாள், கனமான நீல அட்டை, ஓரமெல்லாம் நைந்துபோனது. "இத லேப்ல ஒப்படைக்கணுமாம், நேத்து கிழவர் இல்ல. திங்கக்கிழமை நீ குடுத்துரு, உனக்க கையாலக் குடு." கையால் என்பதில் லேசாகச் சிரிக்கிறாள். "இருநூத்திப் பன்னெண்டு தடவ செஞ்சிருக்கேன் மக்கா. எல்லாம் இதுல இருக்கு. எங்க தப்புப் பண்ணேன்னு என்னைக்காவது உனக்குத் தோணிச்சுன்னா ஒரு மெசேஜ் போடு. வேற ஒண்ணுக்கும் இல்ல, தெரிஞ்சா தூக்கம் வரும்." வாங்கிக்கொண்டேன். "போடுறேன் அக்கா" என்றேன். லாக்கரைத் திறந்து பெட்டிகளை எடுத்தோம், ஒன்றை நான் தூக்கினேன், நடைமேடையில் ரயில் நின்றது, ஏறுமுன் என் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள், ஒரு பொருளின் எடையைப் பார்ப்பது போல. "நல்ல கை" என்றாள். பல்லில் சிவப்பு இன்னும் இருந்தது. கதவு மூடியது.

நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுகிறேன், ஆறு இருபத்தைந்து, என் ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எல்லாம் சின்னச் சின்ன ஆங்கில எழுத்து, தேதி, மணி, அறையின் வெப்பம், குழாய் எண், இருட்டு, இருட்டு, இருட்டு. யார் கதவைத் திறந்தார்கள் என்பதுகூட எழுதியிருக்கிறாள், கண்ணில் பட்ட எதையும் விடவில்லை. போன வருஷம் ஜூலை மாதத்துப் பக்கத்தில் ஓரத்தில் பென்சிலில் நாலு வரி, அது மட்டும் தமிழ். 'மாரீஸ்வரன் தொடங்கும் முன் கருவியைத் தொட்டுக் கும்பிடுகிறான். கையுறை நுனியில் மஞ்சள். அவன் சாமி காரியம், நாம் கேட்கக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதினால் கிழவர் படித்துவிட்டுக் கேட்பார், பையனுக்குச் சங்கடம்.' மூன்று பக்கம் தள்ளி இன்னொன்று. 'இன்று நான் பக்கத்தில் நின்றதால் கும்பிடவில்லை. கூச்சம். வேலையும் வரவில்லை. பாவம், இனி வெளியே நின்றுகொள்ள வேண்டும்.' இரண்டு தரம் படித்தேன். எதிர்ப்பக்க நடைமேடையில் ஆரஞ்சுத் தொப்பிகள் எண்ணிக்கை சரிபார்த்துக்கொண்டிருக்கின்றன, பதினெட்டு, பத்தொன்பது, ஒருவர் குறைகிறார், யார் என்று கேட்டுக் கேட்டுக் கத்துகிறார்கள். விரலை நாக்கில் தொட்டு அந்தத் தாளின் மூலையைப் பிடித்தேன், பிறகு விட்டுவிட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், ஒருத்தி ரயிலில் போய்க்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை காலை நோட்டைக் கிழவர் மேஜையில் அப்படியே வைக்கலாம், அவர் புரட்டிப் பார்க்கும்போது பக்கத்திலேயே நிற்கலாம். ஒரு தாளைக்கூடக் கிழிக்க வேண்டியதில்லை.